மேசைக்கு அடியில் மூன்று பேர்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி இருக்கும். காசிமேட்டில் எங்கள் ஃபைபர் ஷெட்டுக்குள் ஒரு பழைய காட்டன் சட்டை, நடு நெஞ்சில் நட்சத்திரம் போலக் கிழிந்தது. கிழிசல் வழியாக ஒன்பது அங்குலக் குட்டி ஒன்று தலையை நீட்டி வாயைத் திறந்தது. ரத்தம் நாலடி தள்ளி நின்ற பையன் கன்னம் வரைக்கும் போனது. அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறும் வீண். மொத்தம் ஐந்து வாரம், 7,270 ரூபாய். அடுத்து இப்படிக் குறும்படத்துக்கு ரப்பர் ஜந்து செய்யும் வேலையில் இறங்குகிறவர்களுக்கு நாலு வாரமாவது மிச்சமாகட்டும் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தொழில் படகு ரிப்பேர். ஃபைபர் படகில் ஓட்டை அடைப்பது, அடித்தட்டு மாற்றுவது, புது மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகுகள் எல்லாம் கரையில் நிற்பதால் எங்களுக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரம் இருக்காது. தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் ஷெட் காலியாகும். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் விஸ்காம் படிக்கும் பையன்கள் நாலு பேர் ஒரு குறும்படக் கதையோடு வந்தார்கள். எட்டு நிமிடப் படம். விசைப்படகில் வலையோடு ஏதோ ஒன்று மேலே வருகிறது. அன்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருத்தனுக்கு நெஞ்சு வலிக்கிறது. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. 1979-ல் வந்த 'ஏலியன்' படத்தில் ஒருத்தன் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஜந்துவின் குட்டி வெளியே வரும் சாப்பாட்டு மேசைக் காட்சிக்கு அவர்கள் செய்ய நினைத்த மரியாதை அது. குட்டியைக் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம் என்றார்கள். ஒரு மாதம் கொடுங்கள், கையால் செய்து தருகிறேன் என்று நான் சொன்னேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பர்மா பஜாரில் வாங்கிய டிவிடியில் அந்தப் படம் எடுத்த விதம் பற்றிய பகுதியும் இருந்தது. படத்தைவிட அதைத்தான் நான் அதிகம் தடவை பார்த்திருக்கிறேன். லண்டன் பக்கம் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் 1978-ல் எடுத்தது. முட்டைக்குள் ஏதோ உயிர் அசைகிற மாதிரி ஒரு காட்சி வருமே, அதில் அசைவது இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் கை. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அவரே உள்ளே கையை விட்டு ஆட்டினார். வளர்ந்த ஜந்துவின் உடைக்குள் நின்றவர் பொலாஜி படேஜோ என்ற நைஜீரிய இளைஞர், ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மார்பைப் பிளக்கும் குட்டியைச் செய்தவர் ரோஜர் டிக்கன். கையும் கம்பும் ரப்பரும் வைத்துச் செய்த வேலை. ரெசினும் (மேட்டை இறுக்கும் பசை) மேட்டும் கையாளத் தெரிந்த எனக்கு இது எட்டாத வேலை இல்லை என்று தோன்றியது.

முதலில் குட்டியின் உருவம். அந்தப் படத்துக்கு ஜந்துவை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கிகர். குட்டிக்கு அவர் முதலில் போட்ட வடிவம் இறகு உரித்த கோழி மாதிரி இருந்ததால் அது எடுபடவில்லை. பிரான்சிஸ் பேக்கன் 1944-ல் வரைந்த மூன்று பட ஓவியத்தை ஸ்காட் மாதிரியாகக் காட்டினார். நீண்ட கழுத்து, அதன் நுனியில் பல் தெரியும் வாய், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் எனக்கு ஏலக்கூடத்தில் கிடக்கும் விலாங்கு மீன்தான் கண்ணில் வந்தது. அவர்கள் குட்டியை அப்படியே திரும்பச் செய்ய எனக்கு விருப்பமில்லை, எங்கள் கதையில் அது கடலில் இருந்து வருகிறது. ஒரு விலாங்கை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து, தாடை எங்கே மடங்குகிறது, தொண்டைத் தோல் எப்படிச் சுருங்குகிறது என்று இரண்டு நாள் பார்த்தேன். கண் மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கிகரும் தன் ஜந்துவுக்குக் கண்ணை எடுத்துவிட்டார். எங்கே பார்க்கிறது என்று தெரியாத ஒன்று திரும்பினாலே அடிவயிறு கலங்கும்.

கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்யும் இடத்தில் 15 கிலோ களிமண் 150 ரூபாய்க்கு வாங்கினேன். ஈரத்துணி போர்த்தி வைத்து, தினம் ராத்திரி ஒரு மணி நேரம் வேலை. தொண்டை மடிப்புகளைச் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கீறினேன். ஐந்து நாளில் உருவம் வந்துவிட்டது.

அடுத்து மோல்டு, அதாவது அச்சு. இங்கேதான் என் தொழிலே என்னைத் தப்பான பாதையில் கொண்டுபோனது. மோல்டு என்றால் எனக்கு ஃபைபர்தான். களிமண்ணுக்கு மேல், ஒட்டாமல் பிரிய வாக்ஸும் பி.வி.ஏ.-வும், பளபளப்புக்கு ஜெல்கோட், மேட் மூன்று அடுக்கு என்று படகுக்குப் போடுவது போலவே போட்டேன். (ஃபைபர் வேலை தெரியாதவர்கள் இதைத் தொட்டால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ரெசினை இறுக வைக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும்.) மோல்டு கண்ணாடி மாதிரிப் பளபளவென்று வந்தது. அதில் லேடெக்ஸ் ரப்பர் பாலை ஊற்றி ஒரு நாள் விட்டேன். மேலே ஆடை கட்டியிருந்தது, அடியில் பால் பாலாகவே இருந்தது. மூன்றாவது நாளும் அப்படியே. வெயிலில் வைத்தேன், ஃபேன் போட்டேன். பல் இருக்கும் பள்ளங்களில் ஒரு சொட்டுக்கூட இறுகவில்லை. பிரித்தபோது தோல் துண்டு துண்டாக வந்தது. ரெசின் செலவு 900, ஒரு கிலோ லேடெக்ஸ் 350, இரண்டும் போயின.

மறுபடி களிமண் வாங்கப் போனபோது, அங்கே பொம்மை செய்யும் பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நைனா, உன் ஃபைபரு தண்ணி குடிக்காது. பி.ஓ.பி. குடிக்கும். பால்ல இருக்கிற தண்ணிய யாராவது குடிச்சாத்தானே தோலு கட்டும்?"

பி.ஓ.பி. என்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு. விஷயம் அவ்வளவுதான். ரப்பர் பாலில் இருக்கும் நீரை மோல்டு உறிஞ்சினால்தான் சுவரோரம் ரப்பர் படியும். எங்கள் தொழிலில் தண்ணீர் குடிக்கிற மோல்டு என்றாலே குப்பை. இந்த வேலைக்கு அதுதான் தேவைப்பட்டது.

25 கிலோ பி.ஓ.பி. மூட்டை 320 ரூபாய். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடரைக் கையால் தூவிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் பவுடர் தீவு தீவாக மேலே நிற்கும். அங்கே நிறுத்தி இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிறகு கலக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே கலக்கினால் காற்றுக் குமிழ் ஏறிவிடும். இரண்டு பாதி மோல்டு. முதல் பாதியின் ஓரத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு நாலு குழி தோண்டினால் மறு பாதி பிசகாமல் உட்காரும். நடுவில் பிரிவதற்குச் சோப்புக் கரைசல் போதும். எண்ணெயோ வாசலினோ வேண்டாம், ரப்பரைக் கெடுத்துவிடும். மூன்று நாள் முழு வெயிலில் காயவைத்தேன். அப்புறம் இன்னொரு கிலோ லேடெக்ஸ் வாங்கி வந்து வாய் வரை ஊற்றி, 40 நிமிடம் கழித்து மிச்சத்தைத் திருப்பி டப்பாவிலேயே கவிழ்த்தேன். மறுநாள் உள்ளே முகப்பவுடர் தூவி மெதுவாக உரித்தபோது தொண்டை மடிப்பு ஒவ்வொன்றும் கீறியபடியே வந்திருந்தது. அம்மோனியா நாற்றத்தில் கண் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பல் எம்-சீலில் உருட்டியது, 22 பல். உள்ளே மெத்தை ஸ்பாஞ்சு. வாய் திறக்க சைக்கிள் பிரேக் கேபிளும் லீவரும், மூட சைக்கிள் ட்யூபில் வெட்டிய ஒரு பட்டை. மேல் உதடு சுளிப்பதற்கு மட்டும் தனியாக ஒரு தங்கூசி (தூண்டில் நரம்பு) நூல் விட்டேன். கேமராவில் அது தெரியுமா என்று சந்தேகமாக இருந்தது, ஆனால் நன்றாகவே தெரிந்தது. இவ்வளவும் 310 ரூபாய்.

இப்போது மேசை. படத்தில் நெஞ்சு பிளக்கும் ஆளாக நடித்த ஜான் ஹர்ட் மேசை மேல் முழுதாகப் படுத்திருக்கவில்லை. தலை, தோள், கை மட்டும் மேலே, உடம்பு மேசைக்கு அடியில். மேலே தெரிந்த மார்பு பொய் மார்பு. நாங்களும் அதையே செய்தோம். 19 மில்லிமீட்டர் பிளைவுட், பழையது, 1,200 ரூபாய். ஆறடிக்கு இரண்டரை அடி. ஒரு ஓரத்திலிருந்து 14 அங்குலம் தள்ளி, தோள் நுழையும்படி 20-க்கு 12 அங்குலத்தில் வெட்டு. அதை ஒட்டி மார்புக்கு நேர் கீழே 6 அங்குல வட்டத்தில் ஓட்டை. பொய் மார்புக்கு எம்.சி. ரோடு துணிக்கடையில் கை உடைந்த பொம்மை ஒன்று 300 ரூபாய்க்குக் கிடைத்தது. அதுவும் ஃபைபர்தான். கிரைண்டரில் கழுத்தையும் இடுப்பையும் அறுத்து, நெஞ்சில் 5 அங்குல ஓட்டை போட்டு, நாலு போல்ட்டில் மேசையோடு முறுக்கினேன். லுங்கிக்குள் பேப்பர் திணித்தால் கால் ஆகிவிடுகிறது. சட்டை ஒன்றே, கழுத்து படுத்து நடிக்கிற பையனுடையது, நெஞ்சு பொம்மையுடையது.

சாதாரண மேசை 30 அங்குல உயரம். அதற்கு அடியில் பையனின் உடம்பு, கம்பு தள்ளுகிற நான், ரத்தம் அடிக்கிற மச்சான் என்று மூன்று பேர் இருக்க வேண்டும். முதல் நாள் அரை மணி நேரத்திலேயே பையனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதனால் மீன் கிரேட்டுகளை அடுக்கி மேசையை 44 அங்குலத்துக்கு ஏற்றினோம். மேசையைச் சுற்றி நடிக்கிறவர்களும், மேசை ஏறிய அதே 14 அங்குல உயரத்தில் கிரேட் மேல் பலகை போட்டு நின்றார்கள். கேமரா இடுப்புக்குக் கீழே போகாத வரைக்கும் யாருக்கும் தெரியாது. பையன் உடம்பைச் சாய்க்க, தென்னங்கயிறு சுற்றிய சாய்வுப் பலகை ஒன்று அடித்தேன். பிடரிக்கு ஒரு சின்னத் தலையணை. இது இல்லாமல் யாரையும் அந்த வெட்டுக்குள் நுழைய விடாதீர்கள்.

முதல் ஞாயிறு. வெள்ளை பனியன் போட்டோம். தள்ளுவதற்கு, கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் ஜோடி ஒன்று புதுப்பேட்டையில் 400 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தியிருந்தேன். கொக்கியைத் தட்டினால் அதுவே பாயும், வேகம் நன்றாக இருக்கும் என்று கணக்கு. தட்டினேன். பனியன் கிழியவில்லை, கூடாரம் போல ஒரு அடி உயரத்துக்கு நீண்டது. குட்டியின் கழுத்து மடிந்து, ஸ்ட்ரட்டின் வேகம் முழுவதும் பொம்மை மேல் இறங்கி, இரண்டு போல்ட் பிளைவுட்டோடு பிய்ந்து வந்தன. பையனின் தாடை அங்கிருந்து ஒரு அடி தூரத்தில் இருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு முகத்துக்குப் பக்கத்தில், நடுவில் நிறுத்த முடியாத எதையும் வைக்கக் கூடாது. கை தள்ளினால் கையே நிறுத்தும். மறுநாள் ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டு, ஒன்றரை அங்குலச் சவுக்குக் கம்பை இழைத்து அதன் தலையில் குட்டியை மாட்டினேன்.

துணிப் பிரச்சினை 'ஏலியன்' படக்காரர்களுக்கும் வந்ததுதான். முதல் தடவை தள்ளியபோது ஜான் ஹர்ட்டின் சட்டையும் கிழியவில்லை. சட்டையை நிறுத்தி வெட்டிச் சரிசெய்து மறுபடி எடுத்தார்கள். டிவிடியில் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன், ஆனாலும் என் மேசையில் நடக்கும் வரை மண்டையில் ஏறவில்லை.

அந்த வாரம் முழுக்கத் துணிதான். நடைபாதைக் கடையில் பழைய காட்டன் சட்டை ஒன்று 30 ரூபாய் என்று ஒன்பது வாங்கினேன். பொம்மை மார்பை இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவே தலைகீழாக மாட்டி, சட்டையைப் போர்த்தி, ஓட்டை வழியாகக் குட்டியை விட்டு, கம்பின் மேல் எடைக்கல்லாக ஏற்றிக்கொண்டே போனோம். மீன் கடை எடைக்கற்கள்தான். பனியன் 15 கிலோவிலும் நீண்டுகொண்டேதான் இருந்தது, அதை அத்தோடு விட்டோம். பழைய காட்டன் சும்மா 11 கிலோவில் கிழிந்தது, ஆனால் நேர்க்கோட்டில், பேப்பர் மாதிரி. உள்பக்கம் 80-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்த பிறகு 6 கிலோ. பிளேடால் ஒரு இழை விட்டு ஒரு இழை கீறியதும் 3 கிலோ. கடைசியில் உள்ளிருந்து நட்சத்திரமாக வெட்டி, மைதா பசையில் பின்னால் டிஷ்யூ ஒட்டியதும் ஒன்றரை கிலோவில் பூ விரிவது போல விரிந்தது. துள்ளிக் குதித்தோம்.

ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. குட்டி வெளியே வருவதற்கு முன்னால் நெஞ்சில் ஒரு ரத்தக் கறை பரவ வேண்டும். ரத்தம் பட்டதும் மைதா பசை ஊறிக் கரைந்து, தள்ளுவதற்கு முன்பே சட்டை வாயைத் திறந்துகொண்டது. ஏழு சட்டை அதற்குள் தீர்ந்திருந்தது. அப்புறம் என் அக்காதான் வழி சொன்னாள், பிளவுஸ் தைப்பவள். பசையை விடு, நட்சத்திரத்தின் ஐந்து முனையிலும் சாதாரண தையல் நூலில் ஒற்றை முடிச்சு போடு என்றாள். நனைந்தாலும் நூல் நிற்கும், தள்ளினால் பட்டென்று அறும். நாலு கிலோவில் அறுந்தது. கேமராவில் பார்த்தால் ஒவ்வொரு முடிச்சாக அறுவது துணி போராடுவது போலவே தெரிகிறது. ஒட்டியிருந்தால் இந்த அழகு வந்திருக்காது.

ரத்தம். ஐந்து லிட்டருக்கு நாலு கிலோ சர்க்கரைப் பாகு, காய்ச்சிய சோளமாவுக் கஞ்சி, சிவப்புக் கலர் பவுடர். அது எல்.ஈ.டி. லைட்டில் ரோஸ் மில்க் போலத் தெரிந்தது. இரண்டு டம்ளர் காபி டிகாஷன் விட்டதும் சரியானது. அடிப்பதற்கு 16 லிட்டர் மருந்து தெளிப்பான், 950 ரூபாய். முதலில் ஆஸ்பத்திரி டிரிப்ஸ் ட்யூப் மாட்டினேன். இரண்டாவது ஞாயிறு கெட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான். சட்டை அற்புதமாகக் கிழிந்தது, குட்டி வந்தது, ரத்தம் மட்டும் மூக்கு ஒழுகுவது போல ஒழுகியது. கஞ்சிக் கட்டி ட்யூபை அடைத்திருந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப், 12 மில்லிமீட்டர், ஐந்து மீட்டர் 120 ரூபாய்க்கு வாங்கி மாற்றினேன். தெளிப்பானின் நாசிலையும் உள்ளே இருக்கும் சல்லடையையும் கழற்றி எறிந்தேன். ரத்தத்தை வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினோம். முழு அழுத்தத்தில் நாலு நொடிக்கு ஒரு லிட்டர் வந்தது, போதும்.

மீதிப் பாதிக் காரணம் போட்டி, அதாவது ஆட்டுக் குடல். பொய் மார்புக்குள் நிரப்ப 'ஏலியன்' படக்காரர்கள் கசாப்புக் கடையிலிருந்து குடல், ஈரல் எல்லாம் கொண்டுவந்தார்கள். லைட் சூட்டில் செட்டே நாறியது என்று அதில் வேலை செய்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் இரண்டு கிலோ போட்டி, கொஞ்சம் ஈரலோடு 700 ரூபாய்க்கு வாங்கி, ஐஸில் வைத்து, மதியம் ஒரு மணிக்கு மார்புக்குள் அடுக்கினேன். அது இங்கிலாந்து. இது ஜூலை மாதத்துக் காசிமேடு, தகரக் கூரை. மூன்று மணிக்கு ஈ மொய்த்து நடிகர் முகமே தெரியவில்லை. மேசைக்கு அடியில் இருந்த எங்கள் மூன்று பேர் மேலும் அது சொட்டியது. டீ கொண்டுவந்த ஆயா வாசலிலேயே நின்றுவிட்டது.

"சாப்புடுற பொருள இப்புடி கொட்டி வச்சிருக்கீங்களேடா. ஒரு வூட்டுக்கு ரெண்டு நாள் கொழம்பு அது."

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆயா சொன்னது சரி. அடுத்த வாரம் கண்ணாடி மேல் மிச்ச லேடெக்ஸைத் தடவி, காய்ந்ததும் உரித்து, சுருட்டிக் கலர் போட்டேன். மேலே 350 ரூபாய்க்கு வாங்கிய, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போது தடவும் ஜெல் ஒரு கேன். (வழவழப்புக்கு அந்தப் படத்தில் கே-ஒய் ஜெல்லி என்ற வழுக்கும் ஜெல்லை நிறையப் பயன்படுத்தினார்கள். நான் முதலில் வெண்டைக்காயைக் கொதிக்கவைத்துப் பார்த்தேன், இரண்டு மணி நேரத்தில் நீர்த்துவிடுகிறது.) கேமராவில் நிஜப் போட்டியைவிட இதுதான் போட்டி போல இருக்கிறது. நிஜம் சாம்பல் நிறம் அடிக்கும், ரப்பர் குடல் லைட்டில் மினுக்கும். குட்டியின் வாயில் பால் விட்டால் எச்சில் போலத் தெரியும் என்று ஒரு பையன் சொன்னான். வேண்டாம் என்றேன். 1986-ல் வந்த இரண்டாம் படத்தில் இயந்திர மனிதனாக நடித்த லேன்ஸ் ஹென்ரிக்சன் வாயில் வந்த வெள்ளை ரத்தம் பாலும் தயிரும். அது கெட்டுப்போய் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. எங்கள் வெயிலுக்குப் பால் அரை மணி தாங்காது.

மூன்றாவது ஞாயிறு. நடிக்கிறவர்களிடம் என்ன சொல்வது என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அந்தப் படத்தில் ரத்தம் வரும் என்று நடிகர்களுக்குத் தெரியும், இவ்வளவு வரும் என்று தெரியாது. நடிகை வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் நேராக அடித்தபோது அவர் அதிர்ந்து விழுந்தது நடிப்பில்லை. பையன்களும் அதே மாதிரி ஒன்றும் சொல்லாமல் விடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு ரத்தம், எந்தப் பக்கம் வரும், கண்ணை எப்போது மூட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னோம். எத்தனையாவது தள்ளலில் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

அடியில் எங்களுக்கு எதுவும் தெரியாது. தார்ப்பாய் சுற்றிக் கட்டியிருந்தது, இருட்டு, மூன்று பேர் வியர்வை. பையன் முழங்காலால் என் தோளைத் தட்டுவதுதான் சைகை. ஒரு தட்டு வந்தது. கம்பை இரண்டு அங்குலம் ஏற்றி இறக்கினேன். மச்சான் குழாயை ஒரு நொடி திறந்து மூடினான். மேலே சத்தம் நின்றுபோனது. நான் மனசுக்குள் மூன்று வரை எண்ணினேன். குனிந்து பார்க்க எல்லோரும் மேசையை நோக்கி வந்ததில் பலகை கிறீச்சிட்டது. இரண்டு தட்டு. கம்பை முழுசாக ஏற்றினேன். நூல் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அறுவது கம்பு வழியாக உள்ளங்கையில் தெரிந்தது, டப் டப் என்று ஐந்து. ஐந்தாவதில் எடை சட்டென்று காணாமல் போனது. லீவரை அழுத்தினேன். மேலே ஒருத்தன் அலறினான், அது வசனத்தில் இல்லாத அலறல். மச்சான் குழாயை மூட மறந்து என் தலை முழுக்கச் சர்க்கரைப் பாகு.

காட்சியை நான் பார்த்தது அரை மணி கழித்துத்தான், போன் திரையில். மூன்று போனில் எடுத்திருந்தார்கள். இரண்டாவது டேக்குக்குச் சட்டையும் இல்லை, ரத்தமும் இல்லை. தேவையும் படவில்லை.

செலவுக் கணக்கில் 7,270-ல் 2,350 முழு நஷ்டம்: ஃபைபர் மோல்டு, முதல் லேடெக்ஸ், ஸ்ட்ரட், போட்டி. அதைவிடப் பெரிய செலவு சுத்தம் செய்ததுதான். சர்க்கரை ரத்தத்துக்கு ஷெட் முழுக்க எறும்பு. மூன்று நாள் தரையைக் கழுவினோம். அடுத்த தடவை சர்க்கரையே வேண்டாம். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் சி.எம்.சி. பவுடர் கிடைக்கிறது, தண்ணீரில் கலந்தால் அதே கெட்டி, எறும்பு வராது. குட்டியின் கழுத்துக்கு ஸ்பாஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும், இப்போது பக்கவாட்டில் திரும்பவில்லை. தார்ப்பாய்க்குள் ஒரு சின்ன ஃபேன் வேண்டும், இதை மச்சான் எழுதச் சொன்னான்.

இன்னொன்று, எதையும் செய்வதற்கு முன் அட்டையில் ஒரு ஒத்திகை. இரண்டாம் படத்தில் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் 14 அடி ராணி ஜந்து ஒன்றை வரைந்து கொடுத்தார். ஜந்து உருவங்களைச் செய்த ஸ்டான் வின்ஸ்டனின் ஆட்கள் அதை நேராகச் செய்யத் தொடங்கவில்லை. நுரை அட்டையும் கறுப்புக் குப்பைப் பையும் வைத்து முழு அளவில் ஒரு மாதிரி செய்து, கிரேனில் தொங்கவிட்டு, நெஞ்சுக்குள் இரண்டு பேரை நிறுத்திக் கையை ஆட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அசைகிறது என்று தெரிந்த பிறகுதான் ரப்பரைத் தொட்டார்கள். நான் முதல் நாளே ஒரு பழைய சட்டையைப் போர்த்திக் கையால் குத்திப் பார்த்திருந்தால் ஸ்ட்ரட்டே வாங்கியிருக்க மாட்டேன்.

பையன்கள் அடுத்த கதைக்குப் பெரியது ஒன்று கேட்கிறார்கள். நேற்று கறுப்புக் குப்பைப் பை நாலு ரோலும் அரை அங்குல பி.வி.சி. பைப் பன்னிரண்டும் வாங்கி வைத்துவிட்டேன். ஷெட் உத்திரத்தில் செயின் பிளாக் இருக்கிறது, படகைத் தூக்குகிறது, இதையும் தூக்கும். உத்திரம் வரை டேப் பிடித்தால் பன்னிரண்டரை அடிதான் வருகிறது. தரையில் இரண்டடி பள்ளம் எடுத்துக்கொள்ளலாமா என்று ஓனரிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.